கூரை ஒழுகும்வரை காத்திருப்பதா, ஆள் வைத்துப் பார்ப்பதா? தரைவீட்டுக்காரர்களுக்கு

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும்வரை கூரையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. நினைக்கத் தேவையும் இல்லை. புளோக்கின் கூரையை நகர மன்றம் பார்த்துக்கொள்கிறது, கொண்டோவில் நிர்வாகக் குழு பார்த்துக்கொள்கிறது. தரைவீட்டுக்கு, அதாவது அடுக்குமாடி அல்லாத தனிவீட்டுக்கோ வரிசைவீட்டுக்கோ, குடிபோனதும் அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில் வந்துவிடுகிறது. வந்ததே பலருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் யாரும் கடிதம் போட்டுச் சொல்வதில்லை.

சட்டமும் சொல்லாது. குடியிருப்புக் கட்டடங்களுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை கட்டமைப்புச் சோதனை நடத்த வேண்டும் என்று கட்டட, கட்டுமான ஆணையம் விதி வைத்திருக்கிறது. 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள கட்டடங்களுக்கு, 2022 முதல், 7 ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சுவர்ச் சோதனையும் உண்டு. குடும்பம் வசிக்கும் தரைவீடுகளுக்கு இந்த இரண்டிலிருந்தும் விலக்கு. நாட்டில் இருபது குடும்பங்களில் ஒன்று தரைவீட்டில் வசிக்கிறது. அந்த வீடுகளின் கூரையை எப்போது பார்ப்பது, யாரை வைத்துப் பார்ப்பது என்பது முழுக்க வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

நமக்கு இருப்பவை நான்கு வழிகள். கீழிருந்து நாமே பார்த்துக்கொள்ளலாம். ஒழுகும்போது ரிப்பேர்க்காரரைக் கூப்பிடலாம். கூரைக் கம்பெனிகள் தரும் இலவசச் சோதனையையோ வருடாந்திர ஒப்பந்தத்தையோ எடுத்துக்கொள்ளலாம். அல்லது, ரிப்பேர் வேலையே செய்யாத ஒரு தனி ஆய்வாளருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதினைந்து வருடம் தாண்டிய வீட்டுக்கு நான்காவது வழிதான் சரி. கூரையைப் பார்ப்பவரும் அதைப் பழுதுபார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். இளைய ஓட்டு வீடுகளுக்குப் பெரும்பாலும் மற்ற வழிகளும் போதும்.

கறை ஓரிடம், ஓட்டை ஓரிடம்

சாங்கியில் பதிவாகும் ஆண்டுச் சராசரி மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல். வருடத்தில் சுமார் 170 நாள் மழை பெய்கிறது. ஆனால் கூரையைத் தின்பது மழை மட்டுமல்ல, வெயிலும் மழையும் மாறி மாறி அடிப்பதுதான். மதியம் தொட முடியாத சூட்டில் இருக்கும் ஓடு, மூன்று மணிக்கு இடியோடு கொட்டும் மழையில் சட்டென்று குளிர்கிறது. இப்படியே விரிந்து சுருங்கி, முகட்டு ஓடுகளைப் பிடித்திருக்கும் சிமெண்டுக் கலவையில் மயிரிழை விரிசல் விழுகிறது. உலோகக் கூரை என்றால், ஒவ்வொரு திருகாணிக்கும் அடியில் ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கும். வெயிலில் அது காய்ந்து வெடித்துவிட்டால் அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு, விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்து, ஓடுகளின் இடுக்குக்குள் ஏற்றிவிடுகிறது.

உள்ளே வந்த தண்ணீர் நேராக நம் தலையில் சொட்டுவதில்லை. ஓட்டுக்கு அடியிலுள்ள விரிப்பின் மேல் வழிகிறது. விரிப்பு கிழிந்திருக்கும் இடத்தில் இறங்கி, கைமரத்தைப் பிடித்துக்கொண்டு சாய்வாக ஓடுகிறது. ஓர் ஆணியிலோ மூட்டிலோ தடுக்கி, ஃபால்ஸ் சீலிங் பலகையின் முதுகில் சொட்டுகிறது. பலகை கொஞ்ச காலம் அதைக் குடித்துக்கொள்ளும். அப்புறம்தான் நமக்குக் கீழே டீ நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தைச் சுற்றி இன்னொரு வளையம் இருந்தால், இது ஒரே மழையில் வந்ததல்ல, பலமுறை நனைந்து காய்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். கறை படுக்கையறை மூலையில் இருக்கும். உடைந்த ஓடோ மூன்று நான்கு மீட்டர் தள்ளி, பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரோரம் இருக்கும்.

கறை தெரிவதற்கு முன்னால் ஓடிய அந்தக் காலத்துக்குத்தான் நாம் பிறகு பணம் கட்டுகிறோம். ஈரமான கைமரம் உளுக்கும், கரையான் ஏறும். கான்கிரீட் கூரையில் ஈரம் கம்பிவரை போனால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்த கம்பி அடிப்பக்கக் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். பழைய வீடுகளில் உத்தரத்திலிருந்து கைப்பிடி அளவு கான்கிரீட் பெயர்ந்து விழுவது இதனால்தான். அடியில் கட்டில் இருக்கிறதா, தொட்டில் இருக்கிறதா என்று பார்த்து அது விழுவதில்லை.

நம் கண்ணே போதுமா?

ஒரு பகுதிக்குப் போதும், அதை எல்லாரும் செய்யவும் வேண்டும். பெருமழை பெய்யும்போது குடையோடு வெளியே போய், கூரை விளிம்பில் ஓடும் மழைநீர்க் கால்வாயைப் பாருங்கள். தண்ணீர் குழாய் வழியாக இறங்காமல் விளிம்பைத் தாண்டி வழிந்தால் உள்ளே இலை அடைத்திருக்கிறது. சீலிங்கில் ஏறும் மூடி இருந்தால், பகல் நேரத்தில் அதைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரியும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. எதிர்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, ஆறு மாதம் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டால், நகர்ந்த ஓடு தெரிந்துவிடும்.

கால்வாய் விஷயத்தில் டெங்கியும் சேர்ந்துகொள்கிறது. கூரைக் கால்வாயை அடைப்பில்லாமல் வைத்து, பிடிஐ கொசுப்புழு மருந்து போடும்படி தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லிவருகிறது. அடைத்த கால்வாயில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

ஆனால் கீழிருந்து பார்த்தால் முகட்டு விரிசல் தெரியாது, இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தில் துருப்பிடித்த தகடு தெரியாது, வாஷர் வெடித்ததும் தெரியாது. அதற்காக ஏணி போட்டு ஏறக் கூடாது. மழைநாளில் பாசி பிடித்த ஓடு சோப்புத் தரைபோல் வழுக்கும். வீட்டுப் பணிப்பெண்ணை ஏற்றிக் கால்வாயைச் சுத்தம் செய்யச் சொல்வதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் ஆளை வேலைக்கு ஏற்றும் நிறுவனம் முறைப்படி அனுமதி எழுதி, பயிற்சி பெற்றவரைத்தான் ஏற்ற வேண்டும் என்கிறது மனிதவள அமைச்சின் விதி. இரண்டு மாடி வீட்டுக் கூரை அந்த உயரத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

ஒழுகினால் பார்த்துக்கொள்ளலாம் என்றால்

இந்த வழி ஒரே ஒரு நிலைமையில் பொருந்தும்: ஓரிரு வருடத்தில் வீட்டை இடித்துக் கட்டப் போகிறீர்கள். அப்போது கூரைக்குச் செலவழிப்பது வீண், ஒழுகும் இடத்தை அடைத்துக்கொண்டு போகலாம்.

மற்றபடி இது மலிவு மாதிரித் தெரிந்தாலும் மலிவல்ல. அவசரத்துக்கு வரும் ஆள் கறைக்கு நேர் மேலே இருக்கும் ஓடுகளைத்தான் பார்ப்பார், ஒரு டியூப் சிலிக்கான் பூசிவிட்டுப் போவார். அடுத்த பெருமழையில் கறை இரண்டு அடி தள்ளி வரும், அவர் மறுபடி வருவார். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் கொட்டும்போது ஊரில் எல்லாக் கூரையும் ஒழுகும், நல்ல ஆள் கிடைக்கவே மாட்டார். கிடைத்தாலும் ஈர ஓட்டில் ஏற முடியாது. வாட்டர்புரூஃபிங் பூச்சுக்குக் காய்ந்த தளம் வேண்டும்.

காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டுக் காப்புறுதிகள் பொதுவாக நாள்பட்ட தேய்மானத்தையும் பராமரிப்புக் குறைவையும் ஏற்பதில்லை. திடீரென்று நடந்த சேதம் என்று காட்டினால்தான் பேச முடியும். மூன்று வருடக் கறை அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இலவசச் சோதனை

இங்கேதான் நிறையப் பேர் நிற்கிறார்கள். எங்கள் வரிசையில் இருக்கும் ஓர் அண்ணனுக்கும் எனக்கும் இதே பேச்சு. "சும்மா பாத்துத் தரேங்கிறான் தம்பி, வேணாம்னு ஏன் சொல்லணும்?" என்றார். "பாக்கச் சொல்லுங்கண்ணே, ஆனா அன்னைக்கே கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்றேன்.

இலவசமாகப் பார்க்க வரும் எல்லாரையும் சந்தேகப்பட நான் தயாரில்லை. பல வருடம் கூரை வேலையே செய்து, ஓட்டில் நடக்கும் சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் மேஸ்திரிகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கண் பெரிய படிப்பாளியின் கண்ணைவிடக் கூர்மையாக இருக்கலாம். சிக்கல் அவர்கள் நேர்மையில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. சோதனைக்குக் கூலி இல்லையென்றால், ஏறி இறங்கிய நேரத்துக்கான காசு ரிப்பேரிலிருந்துதான் வர வேண்டும். "உங்கள் கூரை நன்றாக இருக்கிறது, இன்னும் ஐந்து வருடம் தொட வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கு அன்றைய நாள் நட்டம். நல்ல மனிதரையும் இது ஒரு பக்கம் சாய்த்துவிடும். பத்து ஓடுகளை மாற்றினால் போதும் என்ற இடத்தில் முழுக் கூரைக்கும் விலை வரும்.

அதனால் இலவசச் சோதனைக்குச் சம்மதிப்பதென்றால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். பழுது என்று சொல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு படம் கேளுங்கள், கிட்டத்தில் ஒன்று, கூரையில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய எட்டத்திலிருந்து ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் காட்டினால் அது உங்கள் கூரைதானா என்றே தெரியாது. வேலையை இடம் இடமாகப் பிரித்து விலை எழுதச் சொல்லுங்கள். "கூரை முழுதும் சரிசெய்தல்" என்று ஒரே வரியில் வரும் விலைப்பட்டியலை ஏற்காதீர்கள்.

கூப்பிடாமலே கதவைத் தட்டி, "எதிர்வீட்டில் வேலை செய்யும்போது உங்கள் ஓடு உடைந்திருப்பதைப் பார்த்தோம்" என்று சொல்பவர்களிடம் இன்னும் நிதானம் வேண்டும். இப்படி வீட்டு வாசலில் நடக்கும் நேரடி விற்பனைக்குப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளில் ஐந்து வேலைநாள் அவகாசம் உண்டு, அதற்குள் ஒப்பந்தத்தை எழுத்துமூலம் ரத்து செய்துவிடலாம். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடென்றால் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் இதில் கொஞ்சம் மேல். வருடத்துக்கு இரண்டு முறை வந்து கால்வாயைச் சுத்தம் செய்து, நகர்ந்த ஓட்டை நேராக்கிவிட்டுப் போவார்கள். மரம் அடர்ந்த தெருவில், உதாரணத்துக்குச் சிராங்கூன் கார்டன்ஸ், அப்பர் தாம்சன் பக்கமெல்லாம், இலை விழுந்துகொண்டே இருக்கும். அங்கே இந்தச் செலவு தாராளமாகத் தகும். ஆனால் அதைச் சுத்தம் செய்யும் வேலை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய முடிவுக்கு அந்த நிறுவனத்தின் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

பணம் கொடுத்துப் பார்ப்பது

தனி ஆய்வாளர் என்றால், கட்டடச் சோதனையை மட்டும் தொழிலாகச் செய்பவர். கூரை ரிப்பேர் விற்பதில்லை, அந்த வேலைக்குக் கமிஷனும் வாங்குவதில்லை. இந்த இரண்டையும் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேட்டுவிடலாம். கான்கிரீட் விரிசல், தளம் தொய்வு, கம்பி தெரிவது போன்றவை இருந்தால் சாதாரண ஆய்வாளர் போதாது, பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளர் வேண்டும். பொறியாளர் வாரியத்தின் பதிவேடு எல்லாரும் பார்க்கக்கூடியது, பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

செலவு சில நூறு வெள்ளியிலிருந்து தொடங்கும், வீட்டின் அளவும் ஏறும் வசதியும் பொறுத்து மேலே போகும். பெரிய பணம்தான். ஆனால் ஒரு டெரஸ் (வரிசை) வீட்டுக்கு முழுக் கூரையையும் மாற்றுவது பல்லாயிரம் வெள்ளி வேலை. அந்த முடிவு தேவையா என்று சொல்லக்கூடிய, அதில் லாபம் இல்லாத ஒரே ஆள் இவர்தான்.

நல்ல சோதனை எப்படி இருக்கும்? அவர் முதலில் கூரைக்கே போக மாட்டார். வீட்டுக்குள் கறைகளைப் பார்த்து, ஈரமானி வைத்து அளந்து, எது பழைய கறை, எது இன்னும் ஈரமாக இருக்கிறது என்று பிரிப்பார். சீலிங்குக்கு மேல் போய்க் கைமரத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்ப்பார், நல்ல மரத்தில் முனை இறங்காது. பிறகுதான் மேலே. முகடு, சரிவுகள் சந்திக்கும் பள்ளம், சுவரும் கூரையும் சேரும் இடத்துத் தகடு, பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரோரம், குழாய்களும் வயர்களும் கூரையைத் துளைத்துப் போகும் இடங்கள். பெரும்பாலான ஒழுகல் விரிந்து கிடக்கும் ஓட்டுப் பரப்பில் இருப்பதில்லை, இப்படி ஒன்றும் இன்னொன்றும் சேரும் ஓரங்களில்தான் இருக்கும்.

தட்டையான கான்கிரீட் கூரை என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. வடிகால் துளையை அடைத்து, தளத்தில் சில சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி, ஒரு நாள் அப்படியே விட்டு, கீழே ஈரம் வருகிறதா என்று பார்ப்பார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் வாட்டர்புரூஃபிங் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க இதைவிட நேரான கேள்வி இல்லை. வெப்பப்படக் கேமராவும் உதவும். ஈரமான இடத்தின் வெப்பநிலை மாறுபடுவதால் படத்தில் தனியாகத் தெரியும். ஆனால் அது ஈரம் இருக்கலாம் என்றுதான் சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. கேமராப் படத்தை மட்டும் காட்டி முடிவு சொல்பவரிடம், ஈரமானியாலும் அளந்தீர்களா என்று கேளுங்கள்.

கடைசியில் கையில் வரும் அறிக்கைதான் நீங்கள் வாங்கிய பொருள். இப்போதே செய்ய வேண்டியது, ஒரு வருடத்துக்குள் செய்யலாம், கவனித்தால் போதும் என்று அதில் பிரித்திருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு மூன்று ஒப்பந்தக்காரரிடம் ஒரே வேலைக்கு விலை கேட்கலாம். அறிக்கை இல்லாமல் கேட்டால் மூன்று பேரும் மூன்று வேலைக்கு விலை சொல்வார்கள், எது மலிவு என்றே தெரியாது. வேலை சரியில்லை என்று பின்னால் தகராறு வந்தாலும் இந்தக் காகிதம் உதவும். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை வழக்கைக் கொண்டுபோகலாம்.

ட்ரோன் வைத்துப் பார்ப்பதும் இப்போது பரவலாகிவிட்டது. யாரும் ஏறத் தேவையில்லை, ஓடும் மிதிபடாது, படமும் தெளிவு. ஆனால் அது ஓட்டைத் தூக்கிப் பார்க்காது. விமான நிலையம், ராணுவ விமானத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும். பாய லேபார், சிலேத்தார், செம்பவாங் தளங்களைச் சுற்றியிருக்கும் தரைவீட்டுப் பேட்டைகள் பல இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. அனுமதி இருக்கிறதா என்று ட்ரோன்காரரைக் கேட்டுவிட்டுத்தான் வரச் சொல்ல வேண்டும்.

எந்த வீட்டுக்கு எது

புதிதாகக் கட்டி பத்து வருடம் ஆகாத ஓட்டு வீட்டுக்கு நம் கண்ணும் கால்வாய்ச் சுத்தமும் போதும். கட்டியவர் தந்த வாட்டர்புரூஃபிங் உத்தரவாதம் முடிவதற்குச் சில மாதம் முன்பு மட்டும் ஒருமுறை தனி ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள், குறை இருந்தால் அவர் செலவிலேயே சரியாகும். தட்டைக் கூரைக்கும் உலோகக் கூரைக்கும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தனி ஆய்வாளர் வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய ஓட்டு வீட்டுக்கும் அப்படியே. நேரம் என்று கேட்டால் ஆகஸ்ட், செப்டம்பர். அக்டோபர், நவம்பரில் மதிய இடிமழை தொடங்குவதற்குள் ரிப்பேரையும் முடித்துவிடலாம்.

சூரியத் தகடு போடப்போகிறவர்கள் மட்டும் வயதைப் பார்க்காமல் முன்னதாகவே சோதித்துவிட வேண்டும். தகடுகள் இருபது வருடத்துக்கு மேல் உட்காரப்போகின்றன. போட்ட நான்காம் வருடம் அடியில் ஒழுகினால், எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலி தனி.

1991க்கு முன் கட்டிய வீடென்றால், பின்கட்டுச் சமையலறைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் மேல் சாம்பல்நிற நெளித்தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்ததாக இருக்கலாம். அதில் துளை போடவோ, உடைக்கவோ, தேய்த்துக் கழுவவோ யாரையும் விடாதீர்கள், நார்த்தூசி நுரையீரலுக்குப் போய்விடும். அந்தக் காலக் கட்டடங்களில் இடிப்பு வேலைக்கு முன் கல்நார் இருக்கிறதா என்று தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும் என்பது விதி. அகற்றவும் அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும்.

பழைய தரைவீடு வாங்கப் போகிறவர்களுக்குச் சோதனை எல்லாரையும்விட முக்கியம். விற்பனைக்கு முன் சீலிங்குக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள், கறை எதுவும் தெரியாது. வீட்டு விலையில் ஒரு விழுக்காட்டை ஆப்ஷன் பணமாக (வாங்கும் உரிமைக்கான முன்பணம்) கட்டுவதற்கு முன், இரண்டாவது முறை வீடு பார்க்கப் போகும்போதே ஆய்வாளரைக் கூட்டிப்போக அனுமதி கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கூரை மோசம் என்று தெரிந்தால், அந்தப் பணத்தை விட்டுவிட்டு விலகுவதா, கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதா என்ற இக்கட்டு வந்துவிடும். விற்பவர் மேலே ஆள் ஏற விடமாட்டேன் என்றால், முழுக் கூரையையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.